ஓட்டியவர் பெயர்

14

அந்தப் பழுப்பு நிறக் கவர் வீட்டு முகவரிக்கு வந்திருந்தால் கதை போன வாரமே முடிந்திருக்கும். மாமனார் அதைப் பிரித்துப் படித்து, பதில் எழுதி, துளை போட்டு ஃபைலில் கோத்து, அலமாரியைப் பூட்டியிருப்பார். ஒரு நாள் காலையில் ஷெட்டில் பஸ் சாவியைத் திருப்பிக் கேட்கும்போதுதான் மூத்தவளுக்கு விஷயமே தெரிந்திருக்கும். நல்லவேளையாக, போன வருடம் பள்ளிக்கூட அலுவலகமே அவள் லைசென்சைப் புதுப்பித்துக் கொடுத்தபோது பஸ் ஷெட்டின் முகவரியைப் போட்டிருந்தது. கவர் நேராக அவள் கைக்கு வந்துவிட்டது.

வீட்டில் அவள் மூத்தவள், மூத்த மருமகள். வெளியே டிரைவரம்மா. ஒன்பது வருடமாகப் பதினோராம் நம்பர் பள்ளி பஸ் அவள் கையில் இருக்கிறது. பஸ்ஸிலும் கீறல் இல்லை, லைசென்சிலும் கீறல் இல்லை. கவருக்குள் இருந்த கடிதமோ வேறு கதை சொன்னது. வீட்டுக் காரை ஓட்டி மூன்று தடவை விதி மீறியதாக அவளே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாளாம். இரண்டு சிவப்பு விளக்கு, தலா மூன்று புள்ளி. மூன்றாவது குற்றத்துக்கு ஆறு புள்ளி. ஆக மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டு சேர்ந்தால் லைசென்ஸ் ஆறு மாதம் முடக்கம், குழந்தைகளை ஏற்றும் அனுமதி ஐந்து வருடத்துக்கு ரத்து. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை.

இன்று வியாழன்.

அவள் லீவு போட்டிருந்தாள். வார நாளில் காலை எட்டு மணிக்கு அவள் வீட்டில் உட்கார்ந்திருப்பது அந்த வீட்டுக்கே பழக்கமில்லாத காட்சி. சாப்பாட்டு மேஜையில் மாமனாரின் காபிக்குப் பக்கத்தில் கடிதத்தை விரித்து வைத்தாள்.

"இது என்ன மாமா?"

மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். முப்பத்திரண்டு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அந்த வீட்டில் எந்த விண்ணப்பம் வந்தாலும் அவர்தான் நிரப்புவார். வங்கி, இன்சூரன்ஸ், பாஸ்போர்ட், மின்சார இணைப்பு, எல்லாம் அவருடைய முத்து முத்தான எழுத்தில்தான் போகும். கையெழுத்தும் அவரே. வீட்டிலுள்ள அத்தனை பேரின் கையெழுத்தும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணமான புதிதில் மூத்தவளுக்கு அது பெரிய வசதியாக இருந்தது. படிவத்தைக் கண்டாலே எரிச்சல் வருகிற ஜாதி அவள். மாமாவிடம் தள்ளிவிட்டு நிம்மதியாக பஸ் ஓட்டப் போனாள். அந்த நிம்மதிதான் இப்போது மேஜையில் கிடந்தது.

"உன் அட்ரஸுக்கு ஏன் அனுப்பினாங்க?" என்றார் மாமனார். அவருக்கு அதுதான் கவலை.

"லைசென்ஸ் என்னோடது. எனக்குத்தான் அனுப்புவாங்க. என் பேரை எழுதினது நீங்களா?"

"பின்னே யாரு எழுதுவா? கேமரா நம்பரைத்தான் பிடிக்கும், ஆளைப் பிடிக்காது. கார் என் பேர்ல இருக்கு. ஓட்டினது யாருன்னு ஃபார்ம் வந்தா யாரோ ஒருத்தர் பேரை எழுதித்தானே ஆகணும்? சின்னவனுக்கு ஏற்கெனவே ஒன்பது புள்ளி. பெரியவனுக்கு ஆறு. எனக்குக் கண் ஆபரேஷன் ஆனதுல லைசென்ஸே இல்ல. உன்னோடது சுத்தமா இருந்துச்சு. போட்டேன்."

காலியாக இருக்கிற அலமாரித் தட்டில் பழைய பாத்திரத்தை ஏற்றி வைத்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி மருந்துக்கும் இல்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுத்தமா இருந்ததுன்னா அது ஒன்பது வருஷம் நான் பார்த்துப் பார்த்து ஓட்டினதால. உங்க சின்னப் பையன் கொட்டறதுக்காக வச்சிருந்த குப்பைத் தொட்டி இல்ல."

"வார்த்தையை அளந்து பேசு."

"நீங்க அளந்து எழுதியிருக்கலாமே மாமா."

அறைக்குள்ளிருந்து கொழுந்தன் வந்தான். ஆஸ்பத்திரிகளுக்கு மருத்துவக் கருவி விற்கிறவன். எப்போதும் பத்து நிமிடம் தாமதம், அந்தப் பத்து நிமிடத்தைச் சாலையில் பிடித்துவிடலாம் என்று எப்போதும் ஒரு நம்பிக்கை.

"என்ன அண்ணி, காலங்காத்தால பஞ்சாயத்து?"

"தம்பி, நீ சிக்னலைத் தாண்டினதுக்கு நான் பதில் சொல்லப் போறேன். அதான் பஞ்சாயத்து."

இத்தனை வருடமாக அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டு வந்தாள். அந்த 'நீ' அவன் காதில் சுருக்கென்று விழுந்தது. டையை முடிந்துகொண்டிருந்த கை நின்றது.

"ரெண்டு சிக்னல் நான்தான், ஒத்துக்கறேன். அதுவும் மஞ்சள்லதான் போனேன், பாதியில சிவப்பு ஆயிடுச்சு."

"மஞ்சள்னா நிறுத்தறதுக்குத் தயாராகுன்னு அர்த்தம். வேகமாப் போன்னு அர்த்தம் இல்ல. முதல் பாடமே அதுதான்."

"சரி டீச்சரம்மா. ஆனா மூணாவது என் தலையில கட்டாதீங்க. அந்த வாரம் பூரா நான் கம்பெனி மீட்டிங்குக்காக வெளியூர்ல இருந்தேன். காரை வீட்லயே விட்டுட்டுத்தான்…"

"ரெண்டா மூணான்னு இப்ப என்னடா கணக்கு?"

குறுக்கே விழுந்தது மூத்தவளின் கணவன். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வாசற்படியில் நின்றிருந்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவன். வருகிறவர்களைச் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்லிச் சொல்லி, எதையும் பொறுமையாகக் கேட்கிற மனுஷன் என்று பெயர் வாங்கியவன். இன்று பொறுமை இல்லை.

"நீ கிளம்பு," என்று தம்பியைத் துரத்தினான். பிறகு மனைவி பக்கம் திரும்பி, ஆனால் மனைவியைப் பார்க்காமல், குரலைத் தணித்தான். "இங்க பாரு. இப்போதைக்கு ஒத்துக்கோ. ஆறு மாசம் பல்லைக் கடிச்சா ஓடிடும். அப்பாவுக்கு இந்த வயசுல கோர்ட்டு கேஸுன்னு அலைச்சல் வேண்டாம்."

"ஆறு மாசம் காருக்குங்க. பஸ்ஸுக்கு அஞ்சு வருஷம். அஞ்சு வருஷம் கழிச்சு எனக்கு எந்தப் பள்ளிக்கூடம் பஸ்ஸைக் கொடுக்கும்?"

"வேற வேலை பார்த்துக்கலாம்."

"உங்களுக்கு வேற வேலை பார்த்துக்கலாமா?"

மாமனார் சொன்னார்.

"குடும்பம்னா ஒருத்தர் தலைக்கு வந்தா இன்னொருத்தர் தாங்கறதுதான். சும்மா சத்தம் போடாதே. நானும் கூட வர்றேன், ஃபைலோட. கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு. மத்ததை நான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

"அந்த ஃபைலைக் கொடுங்க, பார்க்கறேன். கடுதாசியில வெறும் கேஸ் நம்பர்தான் இருக்கு. மூணாவது என்ன குற்றம், எந்தத் தேதின்னு கூட எனக்குத் தெரியாது."

"அது என் ஃபைல்," என்றார் மாமனார், காபியை எடுத்துக்கொண்டு.

மேலே பேசினால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர்கள் முன்னால் அழ அவளுக்கு இஷ்டமில்லை. உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டாள்.

லைசென்ஸ் அலுவலகத்தின் நீண்ட வராந்தாவில் இரும்பு நாற்காலிகள் தரையோடு திருகப்பட்டிருந்தன. டோக்கன் நம்பர் நாற்பத்தி ஏழு. கணவன் ஒரு பக்கம், மாமனார் ஒரு பக்கம், நடுவில் அவள். பார்க்கிறவர்கள் குடும்பமே துணைக்கு வந்திருப்பதாக நினைத்திருப்பார்கள். அவளுக்கு இரண்டு காவலர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது.

நம்பர் விழுந்ததும் மாமனார் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து நீட்டினார். அந்தப் பேனாவை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

"கடைசியில ஒரு கையெழுத்துக் கேட்பாங்க. நான் போட்ட மாதிரியே போடு. உன்னோட கடைசி எழுத்து கொக்கி மாதிரி வளையும். நான் அதைக் கொஞ்சம் நேராக்கியிருக்கேன்."

அவளுடைய கையெழுத்தை அவளுக்கே சொல்லிக் கொடுத்தார். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

விசாரணை அதிகாரி ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். நரைத்த தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தாள். மேஜையில் இரண்டு ஃபைல்கள், பக்கத்தில் ஒரு கணினித் திரை. உட்காரச் சொல்லவே அரை நிமிடம் எடுத்துக்கொண்டாள்.

"பள்ளி பஸ் ஓட்டறீங்க."

"ஆமா மேடம்."

"ரெண்டு சிவப்பு விளக்கு. நம்ம ஊர்ல பாதிப் பேர் செய்யறதுதான். ஆனா மூணாவது இருக்கே, அதைச் செஞ்சுட்டு நீங்க குழந்தைங்க முகத்துல எப்படி முழிக்கறீங்கன்னு தெரியல."

படிவங்களை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். மூன்றும் மாமனாரின் எழுத்து. 'ஓட்டியவர் பெயர்' என்ற கட்டத்தில் மூத்தவளின் பெயர், கல்யாணப் பத்திரிகையில் இருந்ததைவிட அழகாக இருந்தது. 'விளக்கம்' என்ற கட்டத்தில் மூன்றிலும் ஒரே வாசகம்: குடும்ப அலுவல் நிமித்தம் விரைந்து செல்ல நேர்ந்தது. வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாது. அவள் வாழ்க்கையில் எழுதாத தமிழில் அவள் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டிருந்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

மாமனார் சொல்லி அனுப்பிய 'ஆமா' நுனி நாக்கில் நின்றது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"மூணாவது என்னன்னு ஒரு தடவை காட்டுறீங்களா மேடம்?"

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். செய்ததையே மறந்துவிட்ட ஜென்மமா என்று நினைத்திருக்க வேண்டும். திரையைத் திருப்பி வீடியோவை ஓட்டினாள்.

காலை வெளிச்சம். ஈரமான சாலை. படத்தின் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு தகடு, அதிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் சிவப்புப் பலகை: நில். எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண் சாலையைக் கடந்து வருகிறாள். இரட்டைப் பின்னல், தோளில் நீலத் தண்ணீர் பாட்டில். அவள் பாதிச் சாலைக்கு வரும்போது பின்னாலிருந்து சாம்பல் நிறக் கார் ஒன்று பஸ்ஸைத் தாண்டிப் பாய்கிறது. ஒரு கை எங்கிருந்தோ நீண்டு பெண்ணை இழுக்கிறது. பாட்டில் உருண்டு போய்ச் சக்கரத்தில் நசுங்குகிறது.

மூத்தவள் திரைக்கு அருகே குனிந்தாள்.

அவளுக்கு இந்தக் காட்சி தெரியும். இதே காட்சியை அவள் இந்தக் கோணத்திலிருந்து அல்ல, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள். ஒரு மாதம் முன்னால். அந்தக் கை அவளுடைய பஸ் உதவியாளரின் கை. குழந்தைகள் கடக்கும்போது மற்ற வண்டிகள் நிற்பதற்காக பஸ்ஸின் பக்கவாட்டிலிருந்து அந்தப் பலகையை நீட்டியது அவள். காரின் நம்பரைப் பார்க்கவில்லை. கண் முழுவதும் அந்தக் குழந்தை மேல் இருந்தது. பஸ்ஸின் பக்கவாட்டில் பொருத்தியிருக்கும் கேமராவின் படம் தானாகவே போக்குவரத்துப் பிரிவுக்குப் போய்விடும், ஓட்டுகிறவர்கள் பார்க்க முடியாது.

"நிக்கிற பள்ளி பஸ்ஸைத் தாண்டறதுக்கு ஆறு புள்ளி," என்றாள் அதிகாரி. "குழந்தை மேல பட்டிருந்தா புள்ளி கணக்கே கிடையாது, நேரா ஜெயில். நீங்களும் பஸ் ஓட்டறவங்கதான். அந்த பஸ்ல உட்கார்ந்திருந்த டிரைவருக்கு எப்படி இருந்திருக்கும்?"

"செத்துப் பிழைச்ச மாதிரி இருந்துச்சு மேடம்."

"என்ன?"

"அது என் பஸ். பதினோராம் நம்பர். அன்னிக்கு ஓட்டினது நான்."

அதிகாரி இரண்டாவது ஃபைலைப் பிரித்தாள். பள்ளிக்கூடம் அனுப்பிய பயணக் குறிப்பு அதில் இருந்தது. இரண்டும் இரண்டு பிரிவிலிருந்து வந்த ஃபைல்கள். அருகருகே வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. விரலை ஒரு தாளில் வைத்தாள். இன்னொரு விரலை இன்னொரு தாளில் வைத்தாள். ஒரே பெயர், ஒரே தேதி, எட்டு மணி பத்து நிமிடம். மாமனார் ஒரு நிமிடம் கூடப் பிசகாமல் நேரத்தைக் குறித்திருந்தார்.

"ஆக, பஸ்ஸுக்குள்ளயும் நீங்க. பஸ்ஸைத் தாண்டிப் போன கார்லயும் நீங்க." அதிகாரி குரல் இப்போது வேறு பக்கமாகக் கடுமையாகியிருந்தது. "யாரு எழுதினது இதை?"

மூத்தவள் கதவுப் பக்கம் பார்த்தாள்.

"சொல்றேன், கேட்டுக்கோங்க. சிக்னலைத் தாண்டினா அபராதம், புள்ளி, அதோட போச்சு. வேற ஆள் பேரைப் பொய்யா எழுதிக் கொடுத்தா கிரிமினல் வழக்கு. ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு. எழுதினவருக்கும் உண்டு, தெரிஞ்சே சும்மா இருந்தவருக்கும் உண்டு. இப்ப உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு."

அதிகாரி வீடியோவைப் பின்னால் ஓட்டி நிறுத்தினாள். காரின் பக்கவாட்டு ஜன்னல் வழியாக ஓட்டுகிறவன் பாதி தெரிந்தான். இடது கை காதோரம் இருந்தது. கையில் போன். முகம் கைக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"போன் வேற. முகம் தெரியல. உங்களுக்குத் தெரியுதா?"

கொழுந்தன்தான் என்று அதுவரை அவள் முழுசாக நம்பியிருந்தாள். காலையில் அவன் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. காரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனதாகச் சொல்ல வந்தவனை யார் அடக்கியது என்பதும் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் வந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் இந்தச் சம்பவத்தை எல்லாரிடமும் சொன்னாள். கணவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கொதித்தான். அவனையெல்லாம் உள்ளே தூக்கிப் போடணும் என்றான். நம்பரைப் பார்த்தியா என்று கேட்டான். இல்லை என்றாள். சரியா ஞாபகப்படுத்திப் பார், நம்பர் தெரியலையா என்று மறுபடியும் கேட்டான். தனக்காகத்தான் இவ்வளவு கோபப்படுகிறான் என்று அவள் நெஞ்சு நிறைந்து போனது. அந்த நிறைவை நினைத்தபோது இப்போது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"மேடம், என் போனைப் பார்த்துக்கலாமா?"

பஸ்ஸில் ஏறினால் அவள் போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவாள். ஒன்பது வருடத்தில் ஒரு நாள் கூட ஸ்டியரிங்கில் இருந்துகொண்டு அதைத் தொட்டதில்லை. அன்று சாயங்காலம், காலையில எதுக்குக் கூப்பிட்டீங்க என்று கேட்டதற்கு, கடைச் சாவியை எங்க வச்சேன்னு கேட்கத்தான் என்றான் கணவன். தவறிய அழைப்புகளை அந்தத் தேதி வரை தள்ளிக்கொண்டு போனாள். அது அங்கே இருந்தது.

போனை மேஜையில் வைத்து அதிகாரி பக்கம் திருப்பினாள்.

எட்டு பத்து. திரையில் பெயருக்குப் பதிலாக அவள் கல்யாணமான வாரத்தில் பதிந்து வைத்த ஒரே வார்த்தை இருந்தது: வீட்டுக்காரர்.

அதிகாரி அதைப் படித்தாள். முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் வேலை வேலைதான். இழுப்பறையிலிருந்து ஒரு புதிய படிவத்தை எடுத்துப் போட்டாள்.

"கட்டாயம் இல்ல. யோசிச்சு எழுதுங்க. எழுதிட்டா திரும்ப வாங்க முடியாது."

மூத்தவள் மாமனாரின் பேனாவைத் திறந்தாள். கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவள் தன் கையால் நிரப்புகிற முதல் படிவம். எழுத்து கோணிக்கொண்டு கட்டத்துக்கு வெளியே போனது. பேனா அவள் கைக்குப் படியாமல் விரலெல்லாம் மை. ஓட்டியவர் பெயர் எழுதினாள். உறவு முறை என்ற கட்டத்தில் 'கணவர்' என்று எழுதினாள். கடைசியில் கையெழுத்துப் போட்டாள். கொக்கி நன்றாக வளைந்து விழுந்தது.

"மூணாவது உங்க கணக்குலேர்ந்து போயிடும்," என்றாள் அதிகாரி. "மத்த ரெண்டு அப்படியே இருக்கு. அது போகணும்னா இந்தக் கையெழுத்து யாரோடதுன்னு சொல்லணும். திங்கட்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். அதுவரைக்கும் பஸ்ஸைத் தொடக்கூடாது. வெளியில உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

"வந்திருக்கார்."

"உள்ள வரச் சொல்லுங்க."

கதவைத் திறந்ததும் கணவன் எழுந்துகொண்டான். முகத்தில் கேள்வி, கேள்விக்குப் பின்னால் பயம். ஒரு மாதமாக அந்தப் பயம் அங்கேதான் இருந்திருக்கிறது. அவள்தான் அதை அசதி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு? ஒத்துக்கிட்டே இல்ல?"

"உங்களைக் கூப்பிடறாங்க."

"என்னை எதுக்கு?"

"அன்னிக்கு எட்டு பத்துக்கு எனக்குப் போன் பண்ணீங்களே, பஸ்ல இருந்ததால எடுக்க முடியல," என்றாள். "உள்ள போய்ப் பேசுங்க. மேடம் கேட்கறாங்க."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். படிவம் என்றால் அப்பாவைத்தான் பார்த்துப் பழக்கம். மாமனார் மகனைப் பார்க்கவில்லை. மடியில் ஃபைலை அணைத்துக்கொண்டு மருமகளின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று விரலிலும் நீல மை.

"நீயா எழுதினே?"

"ஆமா மாமா." அவள் பேனாவை மூடி அவர் ஃபைலின் மேல் வைத்தாள். "திங்கட்கிழமை உங்க எழுத்தைப் பத்திக் கேட்கப் போறாங்க."